லோக்கல்ஹோஸ்ட் தரும் சலுகைகள்

வெப் வேலை கற்றுக்கொள்ளும் எல்லோரும் முதல் சில வாரங்கள் ஒரே மாதிரிதான் போவார்கள். இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் என்று ஒரு ஃபைல் எழுதி, சேமித்து, டபுள் கிளிக் செய்தால் பிரவுசர் திறந்து பக்கத்தைக் காட்டும். கொஞ்சம் சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட், எல்லாம் ஓடும். அப்புறம் ஒருநாள் ஜாவாஸ்கிரிப்டை இரண்டு மூன்று மாட்யூலாகப் பிரித்து எழுதுவார்கள், அல்லது பக்கத்திலேயே கிடக்கும் ஒரு ஜேசன் டேட்டா ஃபைலை ஃபெட்ச் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை மூலம் படிக்கப் பார்ப்பார்கள். பக்கம் வெறுமையாக நிற்கும், பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலில், வேறு இடத்து ஃபைலை எடுப்பதைக் கட்டுப்படுத்தும் விதியான கார்ஸ் என்ற சொல்லோடு ஒரு சிவப்பு வரி வரும். பிழை தேடித் தேடியே ராத்திரி போய்விடும். கோடில் பிழையே இருக்காது. பக்கத்தைத் திறந்த விதம்தான் பிழை.

டபுள் கிளிக் செய்து திறந்த பக்கத்தின் முகவரியைப் பாருங்கள், 'ஃபைல்' என்று தொடங்கும். அங்கே சர்வர் என்று எதுவும் கிடையாது. பிரவுசர் நேராக டிஸ்கில் கை வைத்து ஃபைலை எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் வெப் என்பது கேள்வியும் பதிலும். பிரவுசர் கேட்கும், சர்வர் பதில் சொல்லும், அந்தப் பதிலோடு 200, 404 போன்ற ஒரு நிலை எண்ணும், இது எந்த வகை ஃபைல், எவ்வளவு நேரம் சேமித்து வைத்துக்கொள்ளலாம் போன்ற தகவல்கள் அடங்கிய ஹெடர்களும் வரும். பிரவுசரின் பாதுகாப்பு விதிகள் முழுவதும் 'ஆரிஜின்' என்ற ஒரே கருத்தின்மேல் நிற்கின்றன. சாதாரண எச்டிடிபியா, ரகசியமாகப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ்ஸா என்ற முறை, ஹோஸ்ட் பெயர் எனும் கணினியின் பெயர், அந்தக் கணினிக்குள் எந்த ப்ரோக்ராமுக்கு என்று காட்டும் போர்ட் எண் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் ஆரிஜின். மூன்றும் ஒத்துப்போனால் ஒரே வீட்டுக்காரர், ஒன்று மாறினாலும் அந்நியர். டிஸ்கிலிருந்து திறந்த பக்கத்துக்கு இந்த மூன்றுமே இல்லாததால், ஒரே ஃபோல்டரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஃபைல்களைக்கூட பிரவுசர் அந்நியர்களாகவே நடத்துகிறது. மாட்யூல் ஏறாததற்கும் ஃபெட்ச் மறுக்கப்படுவதற்கும் காரணம் இதுதான். இன்னொரு தொல்லையும் உண்டு. சாய்கோட்டில் தொடங்கும் பாதை, அதாவது தளத்தின் வேரிலிருந்து எழுதிய பாதை, டிஸ்கிலிருந்து திறக்கும்போது உங்கள் டிஸ்கின் வேருக்குப் போய் ஸ்டைல் ஃபைலைத் தேடும். அங்கே அது எப்படி இருக்கும்?

ஆகவே லோக்கல் சர்வர், அதாவது உங்கள் கணினியிலேயே ஓடி லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரியில் திறக்கும் சர்வர் என்பது ஏதோ பெரிய ப்ராஜெக்ட் செய்பவர்களுக்கான ஆடம்பரம் இல்லை. பத்து வரிப் பக்கத்துக்கும் அது வேண்டும் என்பது என் கருத்து. சர்வர் என்றதும் குளிரூட்டிய அறையில் அடுக்கி வைத்த இரும்புப் பெட்டிகள் பலருக்கு மனதில் வந்துவிடுகின்றன, அதனாலேயே தயங்குகிறார்கள். சர்வர் என்பது ஒரு ப்ரோக்ராம் மட்டுமே. 1990 இறுதியில் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வெப் சர்வரை ஓட்டியது, தான் அன்றாடம் வேலை செய்த நெக்ஸ்ட் கணினியில்தான். முதல் பிரவுசரை எழுதியதும் அதே கணினியில். 'இந்த மெஷின் ஒரு சர்வர், அணைக்காதீர்கள்' என்ற பொருளில் அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. சர்வரும் பிரவுசரும் ஒரே மெஷினில் இருப்பதுதான் வெப் பிறந்த கோலம் என்று சொன்னாலும் தகும்.

சரி, அந்த ப்ரோக்ராம் என்ன செய்கிறது? ஒரு போர்ட்டில் காது வைத்துக் காத்திருக்கிறது. போர்ட் எண் 16 பிட், அதனால் 65535 வரை போகும். எச்டிடிபிக்கு 80, எச்டிடிபிஎஸ்ஸுக்கு 443 என்று வழக்கம், அதனால்தான் சாதாரண முகவரிகளில் எண்ணே எழுதுவதில்லை. யூனிக்ஸ் மரபில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்களைத் திறக்க நிர்வாகி அதிகாரம் வேண்டும். சோதனைக்காக ஓட்டும் ப்ரோக்ராமுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுப்பது நல்லதில்லை, ஆகவே உயரமான எண்களுக்குப் போனார்கள். 80-ஐ நினைவுபடுத்தும் 8080, 8000 இப்படித்தான் வழக்கமாயின. வெப் தளம் எழுத உதவும் கருவிகளில், 3000 ரெயில்ஸ் உலகத்திலும் நோட் உலகத்திலும் நிலைத்தது, ஜாங்கோ 8000, ஃபிளாஸ்க் 5000, ஆங்குலர் 4200. வீட் கருவியின் 5173 எனக்குப் பிடித்த எண். ரோமன் எண்களில் 5 என்பது வீ எழுத்து, மீதி மூன்று இலக்கங்களும் உருவத்தில் அந்தப் பெயரின் மீதி எழுத்துகளைப் போல இருக்கும்.

ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு ப்ரோக்ராம்தான் பிடித்துக்கொள்ள முடியும். 'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்று டெர்மினல் சொன்னால், முந்தைய முறை ஓட்டிய சர்வர் பின்னணியில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். சில சமயம் ஆபரேட்டிங் சிஸ்டமே பிடித்து வைத்திருக்கும். 2021-இல் வந்த மேக்ஓஎஸ் மான்டரேயில் ஏர்ப்ளே ரிசீவர் 5000-ஐ எடுத்துக்கொண்டதால், ஃபிளாஸ்க் பழகும் பலர் தங்கள் சர்வர் ஏன் எழவில்லை என்று குழம்பினார்கள். இன்னொன்று, 6000 என்ற எண்ணைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சர்வர் நன்றாக ஓடும், க்ரோம் அந்தப் போர்ட்டைப் பாதுகாப்பற்றது என்று சொல்லித் திறக்கவே மறுக்கும். 6000 என்பது யூனிக்ஸ் திரையில் ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ் விண்டோ சிஸ்டத்தின் போர்ட், அங்கே பிரவுசர் வழியாக யாரும் விளையாடக்கூடாது என்று வைத்த தடை அது.

இப்போது முகவரிக்கு வருவோம். 127.0.0.1 என்பது லூப்பேக் முகவரி. 127 என்று தொடங்கும் முகவரிகள் அனைத்தும், கணக்குப் பார்த்தால் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல், இந்த ஒரே வேலைக்காக ஒதுக்கி வைக்கப்பட்டவை. அங்கே அனுப்பும் எந்தப் பாக்கெட்டும், அதாவது டேட்டா துண்டும், நெட்வொர்க் கார்டைத் தொடுவதில்லை, ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளேயே திரும்பி வந்துவிடும். வைஃபையை அணைத்தாலும் லோக்கல் தளம் ஓடுவது இதனால்தான். லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்த எண்ணுக்கான பெயர். பெயரை எண்ணோடு கட்டி வைப்பது ஹோஸ்ட்ஸ் ஃபைல். 1983-இல் பால் மொகபெட்ரிஸ், பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை வடிவமைப்பதற்கு முன்னால், முழு நெட்வொர்க்கின் பெயர்ப் பட்டியலும் இப்படி ஒரே ஃபைலாகத்தான் கைமாறிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தின் எச்சம் இன்றும் ஒவ்வொரு கணினியிலும் இருக்கிறது, நமக்கு மிகவும் பயன்படுகிறது.

பெயரும் எண்ணும் ஒன்றுதான் என்று நினைத்துவிடவும் கூடாது. முகவரி முறையின் புதிய பதிப்பான ஐபிவி6-இல் லூப்பேக் முகவரி ::1. லோக்கல்ஹோஸ்ட் என்று கேட்டால் இரண்டில் எது முதலில் வரும் என்பது சிஸ்டத்தைப் பொறுத்தது. 2021 அக்டோபரில் வந்த நோட் 17, சிஸ்டம் தரும் வரிசையை அப்படியே ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது. அதுவரை பழைய பதிப்பான ஐபிவி4-ஐ முன்னால் வைத்துக்கொண்டிருந்தது. விளைவு, 127.0.0.1-இல் மட்டும் காத்திருந்த சர்வரை ::1-இல் போய்த் தட்டி, இணைப்பு மறுக்கப்பட்டது என்று திரும்பி வந்தன பல ப்ரோக்ராம்கள். நேற்று வரை ஓடியது இன்று ஓடவில்லை, கோடில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இப்படி ஒரு நிலை வந்தால் முதலில் பெயரை எடுத்துவிட்டு எண்ணை எழுதிப் பாருங்கள்.

எந்த முகவரியில் காத்திருப்பது என்பது பலர் கவனிக்காத ஒன்று, எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான். 127.0.0.1-இல் காத்திருந்தால் உங்கள் கணினிக்குள்ளிருந்து மட்டுமே வர முடியும். 0.0.0.0 என்று கொடுத்தால், உங்கள் கணினிக்கு இருக்கும் எல்லா நெட்வொர்க் வாசல்களையும் திறந்து வைக்கிறீர்கள், அதே வைஃபையில் இருக்கும் யாரும் வரலாம். ஜாங்கோவும் ஃபிளாஸ்க்கும் இயல்பாகவே 127.0.0.1-இல்தான் நிற்கும். ஆனால் பைத்தானோடு வரும் எச்டிடிபி.சர்வர் மாட்யூல், ஒரே வரியில் ஓட்டலாம் என்று எல்லோரும் சொல்லித் தருவது, நீங்கள் வேறு சொல்லாவிட்டால் எல்லா வாசல்களிலும் காத்திருக்கும். அது போதாதென்று, ஃபோல்டரில் இண்டெக்ஸ் ஃபைல் இல்லையென்றால் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் காட்டும். அந்த ஃபோல்டரில் பாஸ்வேர்டுகள் எழுதிய என்வ் ஃபைல் இருக்கலாம், கோடில் செய்த மாற்றங்களின் மொத்த வரலாறும் அடங்கிய கிட் ஃபோல்டர் இருக்கலாம். பொது இடத்து வைஃபையில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஓட்டுவது, டைரியை விரித்து மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போவதற்குச் சமம். 'பைண்ட்' என்ற ஆப்ஷனில் 127.0.0.1 என்று ஒரு தடவை எழுதினால் போதும், சிக்கல் தீர்ந்தது. தயவுசெய்து அதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பிழை தேட உதவும் டீபக் மோடு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபிளாஸ்க்கின் டீபக் மோடில் பிழை வந்தால், பிரவுசரிலேயே பைத்தான் கோடு எழுதி ஓட்டிப் பார்க்கும் வசதி வரும். ஒரு பின் எண் கேட்கும் என்பது உண்மைதான், ஆனால் அதை நம்பி வெளியே திறந்து வைக்காதீர்கள் என்று அதை எழுதியவர்களே எச்சரிக்கிறார்கள். டீபக் மோடும் 0.0.0.0-உம் ஒன்றாக வந்தால், உங்கள் கணினியை ஓட்டும் உரிமையை அந்த நெட்வொர்க்குக்கே கொடுத்துவிட்டீர்கள்.

அப்படியானால் 0.0.0.0 எதற்கு இருக்கிறது? போனில் பார்ப்பதற்கு. பிரவுசரின் டெவலப்பர் கருவியில் திரையைச் சுருக்கிப் பார்ப்பதும் கையில் போனை வைத்து விரலால் தள்ளிப் பார்ப்பதும் ஒன்றாகாது. வீட்டு வைஃபையில் 0.0.0.0 கொடுத்து சர்வரை ஓட்டி, கணினியின் உள் முகவரியை, 192.168 என்று தொடங்குவதை, போனில் தட்டினால் பக்கம் வரும். வரவில்லை என்றால் பெரும்பாலும் கணினியின் ஃபயர்வால் தடுத்திருக்கும். பக்கம் வந்தபிறகுதான் பலருக்கு ஆச்சரியம் காத்திருக்கிறது. கணினியில் நன்றாக வேலை செய்த கேமரா போனில் திறக்காது. இருப்பிடம் கேட்டால் வராது. பிரவுசரில் பின்னணியில் ஓடும் சர்வீஸ் ஒர்க்கர் என்ற ப்ரோக்ராம் பதிவாகாது. போன் பிரவுசரில் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள்.

போனில் கோளாறு இல்லை, அதுவரை உங்கள் கணினியில் ஒரு சலுகை இருந்தது. பிரவுசர்கள் இந்த மாதிரி நுணுக்கமான வசதிகளை 'செக்யூர் கான்டெக்ஸ்ட்' என்ற நிலையில் மட்டுமே தருகின்றன, பொதுவாக அதற்கு எச்டிடிபிஎஸ் வேண்டும். ஆனால் லோக்கல்ஹோஸ்ட், 127.0.0.1 போன்ற லூப்பேக் முகவரிகளுக்கு மட்டும் விதிவிலக்கு. பாக்கெட் மெஷினை விட்டு வெளியே போகப்போவதில்லை, நடுவில் ஒட்டுக்கேட்க ஆளில்லை, அதனால் வெறும் எச்டிடிபியாக இருந்தாலும் பாதுகாப்பானது என்று ஏற்றுக்கொள்கிறார்கள். நியாயமான ஏற்பாடுதான். 192.168 முகவரிக்கு மாறியதும் சலுகை போய்விடுகிறது, ஏனென்றால் இப்போது பாக்கெட் காற்றில் பறக்கிறது. லோக்கல் சர்வரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: லோக்கல்ஹோஸ்ட் ஒரு சலுகை முகவரி. பிரவுசர் சலுகை தருகிறது, ஆபரேட்டிங் சிஸ்டம் தருகிறது, டிஸ்க் தருகிறது, கையில் இருக்கும் டேட்டா தருகிறது. 'என் மெஷினில் ஓடுகிறதே' என்ற புலம்பலைக் கிளறிப் பார்த்தால், அடியில் நமக்குத் தெரியாமல் அனுபவித்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு சலுகை கிடக்கும்.

போன் விஷயத்துக்கு வழி உண்டு. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, க்ரோமின் டெவலப்பர் கருவியில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டால், போனில் லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டினாலே கணினியில் ஓடும் சர்வருக்கு வந்து சேரும். பெயர் லோக்கல்ஹோஸ்ட் என்பதால் சலுகையும் கூடவே வரும், கேமரா திறக்கும். இல்லையென்றால் எம்கேசெர்ட் என்ற கருவியால் உங்கள் கணினி மட்டும் நம்பும் ஒரு சான்றிதழ் ஆணையத்தை, அதாவது தளம் நிஜமானது என்று உறுதி சொல்லும் அமைப்பை, உருவாக்கி, லோக்கலிலேயே எச்டிடிபிஎஸ் ஓட்டலாம். அந்த ஆணையத்தின் ரகசியச் சாவியை யாருக்கும் அனுப்பாதீர்கள், அதை வைத்து எந்தத் தளத்தின் பெயரிலும் உங்கள் பிரவுசரை ஏமாற்ற முடியும்.

பெயர்கள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாலைந்து ப்ராஜெக்ட் வைத்திருப்பவர் எல்லாவற்றையும் லோக்கல்ஹோஸ்ட் என்ற ஒரே பெயரில் ஓட்டினால், அவை ஒன்றின்மேல் ஒன்று சிந்திக்கொள்ளும். பக்கம் தன் டேட்டாவைப் பிரவுசரில் வைக்கும் லோக்கல் ஸ்டோரேஜ் ஆரிஜின்படி பிரியும், போர்ட் மாறினால் பெட்டியும் மாறும். குக்கிகள் அப்படி இல்லை, அவை போர்ட்டைப் பார்ப்பதே இல்லை. லாகினை நினைவில் வைக்க 3000-இல் ஓடும் ப்ராஜெக்ட் வைத்த செஷன் குக்கி 8000-இல் ஓடும் ப்ராஜெக்ட்டுக்கும் போய்ச் சேரும். இரண்டும் அந்தக் குக்கிக்கு ஒரே பெயர் வைத்திருந்தால், ஒன்றில் லாகின் செய்ததும் மற்றதில் லாகவுட் ஆகிவிடும். இதைவிட மோசமானது சர்வீஸ் ஒர்க்கர். ஆறு மாதம் முன்பு 3000-இல் ஓட்டி மறந்துபோன ப்ராஜெக்ட் ஒரு சர்வீஸ் ஒர்க்கரைப் பதிவு செய்திருந்தால், இன்று அதே 3000-இல் வேறு ப்ராஜெக்ட்டைத் திறக்கும்போது அந்தப் பழையது குறுக்கே வந்து தன் பழைய பக்கத்தை நீட்டும். சர்வரை நிறுத்தி நிறுத்தி ஓட்டினாலும் போகாது, ஏனென்றால் அது பிரவுசருக்குள் குடியிருக்கிறது. டெவலப்பர் கருவியில் அப்ளிகேஷன் பகுதிக்குப் போய் பதிவை நீக்கினால்தான் விடும்.

இதற்கெல்லாம் மருந்து, ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் தனிப் பெயர். எந்தப் பெயர் வைப்பது என்பதில் ஒரு கதை இருக்கிறது. நிறையப் பேர் பல வருடங்களாகத் தங்கள் லோக்கல் தளங்களுக்கு 'டாட் டெவ்' என்று முடியும் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள், ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதினால் வேலை முடிந்தது. ஆனால் டாட் டெவ் கூகுளுக்குச் சொந்தமான நிஜ டொமைன். 2017 டிசம்பரில் வந்த க்ரோம் 63, டாட் டெவ் என்று முடியும் எல்லாப் பெயருக்கும் எச்டிடிபிஎஸ் கட்டாயம் என்று வைத்தபோது, அத்தனை லோக்கல் தளங்களும் ஒரே அப்டேட்டில் திறக்காமல் போயின. உண்மையில் 1999-இலேயே ஆர்எஃப்சி 2606 என்ற இணைய விதி ஆவணம் டெஸ்ட், எக்சாம்பிள், இன்வாலிட், லோக்கல்ஹோஸ்ட் ஆகிய நான்கு முடிவுகளை யாருக்கும் விற்காமல் ஒதுக்கி வைத்துவிட்டது. ஆகவே 'டாட் டெஸ்ட்' என்று முடியும் பெயரை ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதிக்கொள்வது என்றைக்கும் ஆபத்தில்லாதது. அதைவிட எளிது 'டாட் லோக்கல்ஹோஸ்ட்' என்று முடிப்பது. க்ரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதை ஹோஸ்ட்ஸ் ஃபைல் இல்லாமலே லூப்பேக்குக்கு அனுப்பிவிடும், செக்யூர் கான்டெக்ஸ்ட் சலுகையும் உண்டு, குக்கிகளும் தனித்தனியாக நிற்கும். நான் இப்போது இதைத்தான் செய்கிறேன்.

எந்த சர்வரை ஓட்டுவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான், நிஜ சர்வரில் என்ன ஓடப்போகிறதோ அதற்கு மிக நெருக்கமானதை. வெறும் எச்டிஎம்எல் என்றால் பைத்தானின் ஒற்றை வரி போதும். அதிலும் விண்டோஸில் ஒரு சின்ன விபத்து நடக்கலாம். பைத்தான் ஃபைல் வகைகளை, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியிலிருந்தும் படிக்கிறது, வேறு ஏதோ சாஃப்ட்வேர் அங்கே ஜாவாஸ்கிரிப்ட்டை வெறும் டெக்ஸ்ட் என்று மாற்றி எழுதியிருந்தால் சர்வரும் அப்படியே சொல்லும், பிரவுசர் மாட்யூலை ஓட்ட மறுத்துவிடும். பிஹெச்பி என்றால், 2012-இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து அதற்குள்ளேயே ஒரு சர்வர் இருக்கிறது. வசதியானது, ஆனால் இயல்பாக ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். உங்கள் பக்கம், அதே தளத்தில் டேட்டா தரும் தன்னுடைய சொந்த ஏபிஐயையே கர்ல் என்ற கருவி மூலம் அழைத்தால் என்ன ஆகும்? பக்கம் ஏபிஐயின் பதிலுக்காகக் காத்திருக்கும், ஏபிஐ பக்கம் முடிவதற்காகக் காத்திருக்கும், இரண்டும் நகராமல் அப்படியே நிற்கும். கோடு சரியாக இருந்தும் இதில் சிக்கியவர்கள் உண்டு. அந்த சர்வர், அப்பாச்சி என்ற வெப் சர்வரின் எச்டிஆக்சஸ் ஃபைலைப் படிக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகவரி மாற்றும் விதிகளை அதில் எழுதியிருப்பவர்கள் எக்ஸ்ஏஎம்பிபி போல அப்பாச்சியோடு வரும் தொகுப்பை எடுத்துக்கொள்வதே மேல், 2002-இலிருந்து இருக்கும் தொகுப்பு அது. அதில் உங்கள் ஃபைல்களை எச்டிடாக்ஸ் என்ற ஃபோல்டரில் போட வேண்டும். அதையே நிஜ சர்வராக இணையத்தில் வைத்துவிடாதீர்கள், அதன் இயல்பான அமைப்பு சோதனை வசதிக்காகப் பூட்டுகளைத் தளர்த்தி வைத்தது.

டிஸ்க் தரும் சலுகைக்கு வருகிறேன், இதில் எனக்கு அடி விழுந்திருக்கிறது. ஒருவருக்காகச் செய்த தளத்தை லோக்கலில் பக்கம் பக்கமாகச் சரிபார்த்து, திருப்தியாக ஏற்றினேன். ஏற்றியதும் படங்களில் கணிசமானவை உடைந்து நின்றன. கேமராவிலிருந்து வந்த ஃபைல்களின் பெயர் பெரிய எழுத்தில் முடிந்தது, நான் கோடில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தேன். விண்டோஸும் இயல்பான அமைப்பில் இருக்கும் மேக்கும் இரண்டையும் ஒரே ஃபைலாக எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் எடுத்துக்கொள்ளாது. நிஜ சர்வர்களில் பெரும்பாலும் லினக்ஸ்தானே. பெயரைத் திருத்தி மறுபடி ஏற்றினால் கிட் அந்த மாற்றத்தையே கவனிக்கவில்லை, எழுத்தின் அளவு மட்டும் மாறினால் இந்தச் சிஸ்டங்களில் அது கண்டுகொள்ளாது. கிட்டின் எம்வி கட்டளையால் மாற்றியபோதுதான் பதிவானது. அன்றிலிருந்து எந்த ஃபைலுக்கும் சின்ன எழுத்து மட்டும்தான் வைக்கிறேன்.

வேகம் இன்னொரு பெரிய சலுகை. பிரவுசரிலிருந்து சர்வருக்குப் போய் வர லூப்பேக்கில் ஒரு மில்லிசெகண்டுகூட ஆகாது, டேட்டாபேஸும் அதே மெஷினில் உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் காட்ட 200 தடவை டேட்டாபேஸைக் கேட்கும் கோடு எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் 0.1 மில்லிசெகண்டு போய் வந்தால் மொத்தம் 20, கண்ணுக்கே தெரியாது. டேட்டாபேஸ் தனி மெஷினில் இருந்து ஒவ்வொரு தடவையும் 2 மில்லிசெகண்டு ஆனால் 400, பக்கம் தள்ளாடும். அதே கோடு, அதே கேள்விகள். பிரவுசரின் டெவலப்பர் கருவியில் இணைப்பை மெதுவாக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது, கட்டாயம் பயன்படுத்துங்கள். ஆனால் அது பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே மட்டும்தான் மெதுவாக்கும், சர்வருக்கும் டேட்டாபேஸுக்கும் இடையில் நடப்பதைத் தொடாது. அதற்கு, ஒரு பக்கத்துக்கு எத்தனை கேள்வி போகிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் வழி. சோதனை டேட்டாவில் 20 வரிசை வைத்துக்கொண்டு, டேட்டாபேஸில் தேடலை வேகமாக்கும் அட்டவணையான இண்டெக்ஸ் இல்லாத தேடலையும் வேகமாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். சில லட்சம் வரிசைகளைப் பொய்யாக உருவாக்கி நிரப்பிப் பாருங்கள்.

டேட்டாபேஸே வேறாக இருந்தால் இன்னும் சிக்கல். லோக்கலில் எஸ்க்யூலைட், நிஜத்தில் போஸ்ட்கிரெஸ் என்று ஓட்டுபவர்கள் பலர். எஸ்க்யூலைட் எண் போட வேண்டிய இடத்தில் எழுத்தைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். லைக் என்று தேடினால் ஆங்கில எழுத்துகளில் பெரியது சின்னது பார்க்காது. போஸ்ட்கிரெஸ் இரண்டிலும் கண்டிப்பு. லோக்கலில் கிடைத்த தேடல் முடிவு நிஜத்தில் காலியாக வருவது இப்படித்தான். 2013-இல் வந்த டாக்கர் இந்த இடத்தில்தான் நன்றாகக் கைகொடுக்கிறது. நிஜத்தில் ஓடும் அதே பதிப்பு போஸ்ட்கிரெஸ்ஸை, அதே பிஹெச்பியை, உங்கள் கணினியை அழுக்காக்காமல் ஒரு பெட்டியில் ஓட்டலாம், வேண்டாம் என்றால் தூக்கி எறியலாம். ஆனால் ஆரம்பத்தில் இருப்பவர் முதல் நாளே டாக்கர் கற்க வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எச்டிடிபி கேள்வி-பதில் என்னவென்று கண்ணால் பார்த்துப் பழகிய பிறகு போனால்தான், அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று புரியும்.

நேரம் பற்றி ஒரு வரி: நிஜ சர்வரின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடும், உங்களுடையது உங்கள் ஊர் நேரத்தில். லோக்கல் சர்வரையும் யூடிசியில் ஓட்டிப் பாருங்கள், 'இன்றைய பதிவுகள்' போன்ற பக்கங்கள் நள்ளிரவை ஒட்டித் தடுமாறுவது அப்போதே தெரிந்துவிடும்.

மெயில் அனுப்பும் கோடைச் சோதிக்கும்போது நிஜ மெயில் சர்வரை இணைக்காதீர்கள். மெயில்பிட் போன்ற கருவி 1025 போர்ட்டில் மெயில் சர்வர் மாதிரி நடித்து, வரும் மெயிலையெல்லாம் பிடித்து வைத்து, 8025 போர்ட்டில் பிரவுசரில் காட்டும், ஒன்றும் வெளியே போகாது. நிஜ டேட்டாபேஸின் நகலை லோக்கலில் வைத்துச் சோதிப்பவர்களுக்கு இது மிகவும் அவசியம், ஒரு லூப் தவறாக ஓடினால் நிஜ மனிதர்களுக்குச் சோதனை மெயில் போய்விடும். சொல்லப்போனால் அந்த நகலே வேண்டாம் என்பேன். பெயர், போன் எண், முகவரி எல்லாம் அடங்கிய டேட்டா லேப்டாப்பில் கிடக்க வேண்டிய அவசியம் அநேகமாக இருப்பதில்லை. அவசியம்தான் என்றால், கொண்டு வருவதற்கு முன்பே அந்தத் தகவல்களை மாற்றி எழுதிவிட்டுக் கொண்டு வாருங்கள். அந்த மனிதர்கள் தங்கள் தகவலைக் கொடுத்தது தளத்துக்கு, நம் சோதனைக்கு இல்லை.

மிச்சம் இருப்பது வெளியிலிருந்து உள்ளே வர வேண்டிய வேலை. பணம் கட்டியதும் பேமெண்ட் நிறுவனத்தின் சர்வர் உங்கள் தளத்தை அழைத்து 'பணம் வந்துவிட்டது' என்று சொல்லும் வெப்ஹுக் இருக்கிறதே, அதற்கு லோக்கல்ஹோஸ்ட் என்று முகவரி கொடுத்தால் அந்த சர்வர் தன்னைத்தானே தட்டிக்கொள்ளும். லோக்கல்ஹோஸ்ட் என்பது சொல்பவரைப் பொறுத்து மாறும் 'நான்' மாதிரியான சொல், யார் சொல்கிறார்களோ அவர்களையே குறிக்கும். இதற்கு என்கிராக் போன்ற டனல் கருவிகள் இருக்கின்றன. உங்கள் கணினியிலிருந்து வெளியே ஓர் இணைப்பைத் திறந்து, இணையத்தில் ஒரு பொது முகவரியைத் தந்து, அங்கே வரும் கோரிக்கைகளை இந்த இணைப்பு வழியாக உள்ளே தள்ளும். எச்டிடிபிஎஸ்ஸும் கிடைத்துவிடும், போனில் கேமரா சோதிக்கவும் உதவும். ஆனால் 127.0.0.1-இல் கட்டி வைத்ததால் கிடைத்த தனிமை இங்கே முழுவதும் போய்விடுகிறது. சர்வர் லூப்பேக்கில் மட்டும் நின்றாலும், டனல் உங்கள் கணினிக்குள்ளிருந்து தட்டுவதால் கதவு திறக்கும். புதிதாக முளைக்கும் முகவரிகளைத் தேடிப்பிடித்து, என்வ் ஃபைல் கிடைக்குமா, கிட் ஃபோல்டர் கிடைக்குமா என்று தட்டிப் பார்க்கும் ப்ரோக்ராம்கள் இணையத்தில் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. டனல் திறக்கும் முன் டீபக் மோடை அணையுங்கள், முடிந்தால் ஒரு பாஸ்வேர்டு போடுங்கள், அனுப்பியவர் நிஜம்தானா என்று காட்டும் வெப்ஹுக்கின் கையெழுத்தைச் சரிபார்க்கும் கோடை நாளைக்கு என்று தள்ளாமல் இப்போதே எழுதுங்கள். வேலை முடிந்ததும் அந்த டெர்மினல் ஜன்னலைத் தேடிப் போய் கன்ட்ரோலையும் சி-யையும் அழுத்தி, டனல் நின்றதா என்று பொது முகவரியை இன்னொரு தடவை திறந்து பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.